பேசாமல் வைத்த ஐந்நூறு

சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தாணுமாலயனிடம் விலை சொல்வதற்கு முன்னால் ஆட்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். திருவனந்தபுரத்தின் அந்தப் பழைய கடைத்தெருவில் அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. அவர் பேரம் பேசாத ஒரே ஆள் பஸ் கண்டக்டர்தான். அதுவும் பெல் அடித்து இறக்கிவிடுவானே என்கிற பயத்தினால். கௌசல்யாவைப் பெண் பார்க்கப் போன அன்று, தரகர் சொன்ன வயதில் இரண்டைக் குறைத்துக் கேட்டார் என்று பஜாரில் ஒரு கதை உண்டு. கேட்டால் அவர் மறுக்க மாட்டார். "கேட்டுப் பாத்தேன், குறைக்கல்ல" என்பார்.

அப்படிப்பட்டவர் திங்கள்கிழமை தோறும் பத்தரை மணிக்கு சிகாமணி கபேயில் டிபன் சாப்பிட்டுவிட்டு, சப்ளையர் உச்சிமாகாளிக்கு டிப்ஸ் வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷமாக.

அவருடைய அப்பா காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. பில்லுக்கு மேல் ஒரு காசு வைத்தாலும் குலத்துக்கே தலைகுனிவு என்று நினைத்தவர் அப்பா. "எல்லாத்தையும் விலையில போட்டிருப்பான்லே. தோசைக்குள்ள உருளக்கிழங்குக்குப் பக்கத்துல சப்ளையர் கூலியும் ஒளிஞ்சு கிடக்கு" என்பார். சிறுவன் தாணுமாலயன் தோசையைப் பிரித்துத் தேடியும் பார்த்திருக்கிறான்.

அப்பா போய்ப் பதினாறு கழிந்த பின் வந்த முதல் திங்கள்கிழமை, கடை முதலாளியாக அவர் தனியாக சிகாமணி கபேக்குப் போனார். வயது இருபத்தேழு. அன்றைக்கு நாலாம் நம்பர் மேஜைக்கு வந்தவன் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த உச்சிமாகாளி. பத்தொன்பது வயது. இருக்கிற பலகாரத்தை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, கடைசியில் "இதுல ரவா தோசை மட்டும் இல்ல" என்றான். "இல்லாததை ஏம்லே சொல்லுத?" "சொல்லும்போது தாளம் நல்லா விழுது அண்ணாச்சி." வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் ஏழு தட்டு தோசையை அடுக்கிக்கொண்டு, இடது கையால் வழியில் நின்ற ஒரு நாற்காலியையும் நகர்த்திவிட்டுப் போனான். தாணுமாலயன் வாய் பிளந்து பார்த்தார். எழுந்து போகும்போது டம்ளருக்கு அடியில் இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றை வைத்தார்.

பூக்கடையைத் தாண்டியிருக்க மாட்டார், பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி! அண்ணாச்சி! ரூவாயை மறந்து வச்சிட்டுப் போறிய!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மறக்கலலே. உனக்குத்தான் வச்சேன்."

உச்சிமாகாளி நோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "எனக்கா? பாத்திரக்கடையிலேர்ந்தா? அப்பா போன துக்கத்துல தெரியாம வச்சிருப்பிய. நல்லா ரோசிச்சுப் பாத்துட்டு அடுத்த திங்கக்கிழமை சொல்லுங்க. அதுவரைக்கும் இது எங்கிட்ட பத்திரமா இருக்கும்."

அன்றிலிருந்து தொடங்கியது அந்த விளையாட்டு. தாணுமாலயன் ஒரு தொகையை வைப்பார். உச்சிமாகாளி அதைத் தொடாமல் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். "இது கைக்கா காலுக்கா அண்ணாச்சி?" "ரெண்டுக்கும் சேத்துத்தான்." "அப்போ காலு கோவிச்சுக்கிடுமே. எத்தனை நடை நடந்திருக்கு." "காபி ஆறிப்போய் வந்துது, அதுல ரெண்டு ரூவா கழிச்சாச்சு." "ஆறுனது காபியோட குத்தமா, நீங்க பேப்பர் படிச்ச குத்தமா?" இப்படியே போய், கடைசியில் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ ஏறும். கல்லாவில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கும் முதலாளி ஞானசிகாமணி, "ஏய், ரெண்டு பேரும் சண்டையை முடிச்சிட்டு மேஜையை விடுங்கவே, ஆள் நிக்கி" என்பார். சலவைக்கல் மேஜைகள், மின்விசிறியின் கிரீச்சொலி, உள்ளேயிருந்து கடுகு தாளிக்கிற வாசனை, நடுவில் இந்த வழக்கு. டிப்ஸ் இரண்டு ரூபாயிலிருந்து நாற்பது ரூபாய்க்கு வந்து சேர முப்பத்தைந்து வருஷப் பேரம் தேவைப்பட்டது. இதற்குள், சின்னவனைக் கூப்பிடும் 'லே' மாறி, மரியாதைப்பட்டவரைக் கூப்பிடும் 'வே' ஆயிற்று. உச்சிமாகாளிக்குத் தலை நரைத்தது. மகள் பொன்செல்வி நாகர்கோவிலில் நர்சிங் மூன்றாம் வருஷத்துக்கு வந்துவிட்டாள்.

ஞானசிகாமணி காலமான பிறகு கபேயைக் குத்தகைக்கு எடுத்தவன் அஜீஷ். முப்பது சொச்சம் வயது, நல்ல பையன்தான், ஆனால் அவசரக்காரன். சலவைக்கல் போய்ப் பளபளக்கும் பலகை வந்தது, ஏசி வந்தது, மேஜைக்கு மேஜை பணம் கட்டுகிற ஸ்டிக்கர் வந்தது. பையன்களும் பெண்களும் சாப்பிட்டு முடித்து போனைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். தட்டில் சோம்பு மட்டும் கிடக்கும்.

"கல்லாவுல ஒரு பெட்டி வச்சிருக்கான் அண்ணாச்சி" என்றார் உச்சிமாகாளி ஒருநாள். "உள்ள இருந்து ஒரு பொம்பளை, இத்தனை ரூவா கிட்டிச்சுன்னு சத்தம் போடுதா. அவளுக்குக் கிட்டிச்சு. தோசையைத் தூக்கிட்டு வந்தவனுக்குக் கிட்டல."

அந்த ஆடி மாதத் திங்கள்கிழமை நல்ல மழை. தாணுமாலயன் வெள்ளைச் சட்டையில் வந்து நாலாம் நம்பரில் உட்கார்ந்து சாம்பார் வடை சொன்னார். உச்சிமாகாளி சில மாதங்களாக முழுக்கைச் சட்டை போட்டு வந்துகொண்டிருந்தார். வயதான காலத்தில் மனுஷனுக்கு ஸ்டைல் வந்திருக்கிறது என்று கேலி செய்ய ஒரு வார்த்தை தயாராக வைத்திருந்தார் தாணுமாலயன். அதற்குள் கிண்ணம் சரிந்தது. சாம்பார், வடை, கொத்தமல்லி உட்பட நெஞ்சில் வந்து இறங்கியது.

கல்லாவிலிருந்து அஜீஷ் ஓடிவந்தான். "எந்தரு உச்சியண்ணா இது! ஈ மாசம் மூணாமத்த தடவையாக்கும்! எத்ர தடவை பறஞ்ஞு, பார்சல் கவுண்டருக்குப் போய் நில்லுன்னு!"

உச்சிமாகாளி குனிந்து துணியால் சட்டையை ஒற்றினார், இடது கையால். வலது கையின் சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றிப் பழுப்புப் பட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை, தனியாக, யாருடையதோ போல நீட்டிக்கொண்டு நின்றது.

தாணுமாலயன் அந்த விரலைப் பார்த்தார். வழக்கமான நாளாக இருந்தால், "சாம்பாருக்குத் தனி பில்லா, சட்டையோட சேத்தா வே?" என்று கேட்டிருப்பார், உச்சிமாகாளியும் ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பார், பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்திருப்பார்கள், முடிந்திருக்கும். வாயைத் திறந்தார். மறுபடியும் மூடினார். ஏழு தட்டு அடுக்கிய கை. பையில் கைவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து டம்ளருக்கு அடியில் வைத்தார். எழுந்தார். திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் நடந்தார். கண் கலங்கியிருந்ததுதான் காரணம்; பாத்திரக்கடைக்காரன் அழுதான் என்று தெரிந்தால் மறுநாளே எவர்சில்வர் விலை இறங்கிவிடும்.

வீட்டில் கௌசல்யாவிடம் சொன்னார். அவள் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "ஐந்நூறா? சாம்பார் சட்டையில விழுந்துதா, தலையில விழுந்துதா?"

"போட்டும். பாவம்."

நல்லது செய்துவிட்டோம் என்கிற நிறைவோடு, மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை திரும்பியதும் திங்கள் வரைக்கும் பொறுக்காமல் சிகாமணி கபேக்குப் போனார். நாலாம் நம்பர் மேஜைக்கு அஜீஷே வந்தான். கையில் ஒரு நோட்டு. அதே ஐந்நூறு.

"அண்ணாச்சி, இதை உங்ககிட்ட ஏல்ப்பிக்கச் சொன்னார். கொடுக்காம விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனார்."

"யாரு? எங்க போனாரு?"

"உச்சியண்ணன். ஜோலி வேண்டான்னு சொல்லிட்டார். இன்னைக்கு சாயங்கால வண்டியில நாட்டுக்குப் போறாராம்." அஜீஷ் குரலைத் தாழ்த்தினான். "ஒரு சம்சயம் அண்ணாச்சி. நானும் பத்து வருஷமா ஓட்டல் பிசினஸ் பாக்குறேன். ஐந்நூறு ரூபா டிப்ஸ் கிடைச்சு யாராவது அழுது பாத்திருக்கீங்களா? இந்த மேஜைக்கிட்டயே நின்னு அழுதார். கேட்டா, 'அண்ணாச்சி பேசாம வச்சிட்டுப் போயிட்டாக, அண்ணாச்சி பேசாம வச்சிட்டுப் போயிட்டாக'ன்னு அதையே சொல்றார். பேசாம வச்சா என்ன? ரூபா ரூபாதானே?"

தாணுமாலயன் அந்த நோட்டை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

பஜாருக்கு வெளியில் பிறந்தவனுக்கு இது புரியாது. சாலை பஜாரில் வேண்டியவனும் பேரம் பேசுவான், வேண்டாதவனும் பேசுவான். அடிதடியில் இறங்கியவர்கள்கூட மறுநாள் வந்து கால் ரூபாய்க்கு வாதாடுவார்கள், அது சமாதானம். ஒரே ஒருவன்தான் பேச மாட்டான். இனி உன் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்தவன். அவன் சொன்ன விலையை அப்படியே கொடுப்பான். அதற்கு மேலேயும் கொஞ்சம் வைப்பான், மீதி உறவுக்கும் சேர்த்து. வாயைத் திறக்காமல் இறங்கிப் போவான். 'பேசாமல் வைத்துவிட்டுப் போய்விட்டான்' என்பதைவிடக் கடுமையான சொல் அந்தத் தெருவில் கிடையாது.

அப்பா ஒரு தடவை அப்படிச் செய்ததைத் தாணுமாலயன் ஒன்பது வயதில் பார்த்திருக்கிறார். இருபது வருஷமாகப் பழகிய புளி வியாபாரி, மூட்டையில் கல் கலந்துவிட்டார். அப்பா சத்தம் போடவில்லை. கேட்ட பணத்தை எண்ணி வைத்து, மேலே ஒரு பத்து ரூபாயும் வைத்து இறங்கிவிட்டார். அந்த மனிதர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். "ரெண்டு வார்த்தை ஏசிட்டாவது போங்க" என்று கெஞ்சினார். அப்பா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த தாணுமாலயனுக்கு அந்த முகம் வெகுநாள் கனவில் வந்தது.

அந்த முகத்தைத்தான் இப்போது உச்சிமாகாளிக்கு அவர் கொடுத்திருக்கிறார். இரக்கப்பட்டு, ஐந்நூறு ரூபாய் செலவில்.

உச்சிமாகாளி தங்கியிருக்கும் ரூமின் இடத்தை அஜீஷிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினார். "கரமனை. சீக்கிரம்." டிரைவர் சொன்ன கூலிக்குப் பேரம் பேசாமல் தலையை ஆட்டினார். அவரை வெகுநாளாகத் தெரிந்த டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, வீட்ல யாராவது மரிச்சோ?"

கரமனை ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில், ஓடு போட்ட வரிசை வீடுகளில் கடைசி அறை. நாலு பேர் தங்குகிற இடம். மழையால் வேலை இல்லாமல் டைல்ஸ் வேலைக்காரர் பால்பாண்டி பாயில் படுத்திருந்தார். உச்சிமாகாளி ஒரு பையில் லுங்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிழல் தட்டியதும் நிமிர்ந்தார். முகம் ஒரு கணம் மலரப் பார்த்து, அப்படியே மூடிக்கொண்டது.

"வாங்க சார்" என்றார்.

முப்பத்தைந்து வருஷ அண்ணாச்சி, சார் ஆகிவிட்டார். தாணுமாலயன் ஈரச் செருப்போடு வாசலிலேயே நின்றார்.

"என்னவே சார் மோரு? நீரு நெனச்ச மாதிரி இல்லவே அது."

"தப்பு எம்பேர்லதான் சார். கை சரியில்லன்னு தெரிஞ்சும் ஆசை விடல. நாலு மாசமா மறைச்சிட்டேன். உங்களுக்குக் கோவம் வந்ததுல நியாயம் இருக்கு. ஒரு வார்த்தை ஏசியிருந்தா நான் பாட்டுக்கு நின்னுருப்பேன். பேசாம வச்சிட்டுப் போயிட்டிய. அந்தத் தெருவுல நானும் முப்பத்தஞ்சு வருசம் சோறு தின்னவன். எனக்குப் புரியாதா?"

"ஒமக்கு ஒரு மண்ணும் புரியல." தாணுமாலயன் உள்ளே வந்து, விரித்திருந்த பாயில் பால்பாண்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "பேசணும்னுதான் வாயைத் தொறந்தேன். ஒம்ம பெருவிரலைப் பாத்தேன். தொண்டை அடைச்சிட்டுவே. பேச்சு வரல. அப்படியே உக்காந்திருந்தா எல்லாரும் பாக்க அழுதிருப்பேன். அதான் எந்திரிச்சு ஓடினேன். வேற ஒண்ணும் இல்ல. எங்கப்பன் மேல ஆணை."

உச்சிமாகாளி கையிலிருந்த லுங்கியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"அழுதியளா?"

"அழல. கண்ணுல மழைத்தண்ணி."

"ஓட்டலுக்குள்ள எங்க மழை?"

"ஏசியில ஒழுகுதுவே, அஜீஷ் கட்டுன கட்டிடம்."

உச்சிமாகாளியின் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் தலையை ஆட்டினார். "சரி அண்ணாச்சி, அது போட்டும். கை கைதான். ஒரு தட்டுக்கு மேல தாங்காது. பார்சல் கவுண்டர்ல நின்னா ஆள் முகம் பாக்க முடியாது, பையை நீட்டணும், அவ்வளவுதான். அங்க எவன் டிப்ஸ் வைப்பான்? பொன்செல்விக்கு இன்னும் எட்டு மாசம் பீஸ் கட்டணும். ஊருல பெட்டிக்கடை ஏதாவது பாக்கேன்."

எட்டு மாசம் என்ற சொல் காதில் விழுந்ததும் தாணுமாலயனின் முதுகு நிமிர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த துறை. போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, அஜீஷைக் கூப்பிட்டார்.

"அஜீஷே, உச்சிமாகாளி திங்கக்கிழமை வாராரு. காலையில மட்டும். நாலாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் அவருக்கு. ஒரு நடைக்கு ஒரு தட்டு."

"அய்யோ அண்ணாச்சி, அதெங்ஙன சரியாகும்? திரக்குள்ள நேரமாக்கும், கூட்டம் நெரியும். கஸ்டமர் வெயிட் பண்ணுமோ?"

"பாத்திர லைன்ல பன்னெண்டு கடை இருக்கு. பன்னெண்டு பேரும் இனிமே அந்த ரெண்டு மேஜையிலதான். தாமசமாச்சுன்னு ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டான். எங்களுக்குத் தட்டு வர வர பேச நேரம் கிடைக்கும், பேச்சு கூடக்கூட காபி கூடும்."

மறுமுனையில் அஜீஷ் கணக்குப் போட்டான். "சம்பளம் பாதி."

"முக்கால்."

"நேரம் பாதியல்லே அண்ணாச்சி?"

"நேரம் பாதி, பழக்கம் ரெண்டு மடங்கு. நியாயமாப் பாத்தா நீ கூட்டிக் கொடுக்கணும். முக்கால்னு சொன்னது உனக்காக."

"அறுபது சதமானம். அதுக்கு மேல பற்றூலா."

"சரிப்பா. வச்சிடுதேன்." பேரம் படியாதபோது கடையிலிருந்து இரண்டு அடி நடந்து காட்டுவதற்குப் பதில், போனை வாயருகிலிருந்து சற்றே தள்ளினார்.

"வெக்கல்லே, வெக்கல்லே! முக்கால், சம்மதிச்சு!"

"இன்னொண்ணு. அந்த ரெண்டு மேஜையிலயும் பணம் கட்டுற ஸ்டிக்கருக்குப் பக்கத்துல ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு இருக்கும். அதுல விழுறது அவருக்கு. கல்லாவுக்குப் போவாது. தட்டு நான் தாரேன்."

"சும்மாவா?"

"விலைக்குத்தான். உனக்குன்னு குறைச்சுத் தாரேன்."

போனை வைத்தபோது பால்பாண்டி எழுந்து உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, நாளைக்கு எங்க மேஸ்திரிகிட்ட கூலி பேச வாரியளா?"

தாணுமாலயன் பையிலிருந்து அந்த ஐந்நூறை எடுத்து நீட்டினார். உச்சிமாகாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது வேண்டாம். அன்னைக்குக் கொட்டினதுக்கு டிப்ஸ் வாங்கப்படாது. இன்னைக்கு நான் ஒண்ணும் எடுத்து வைக்கவும் இல்ல. ஒண்ணும் எடுத்து வைக்காதவன் காசு வாங்கினா அதுக்குப் பேரு டிப்ஸ் இல்ல அண்ணாச்சி, வேற பேரு."

தாணுமாலயன் நோட்டை மடித்தார். முப்பத்தைந்து வருஷமாக வாங்கியவர் அவர், வைத்தவர் இவர். டிப்ஸுக்கும் தருமத்துக்கும் உள்ள வித்தியாசம் வாங்கியவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"அப்போ ஏதாவது கொண்டாரும்."

உச்சிமாகாளி ஸ்டவ்வைப் பற்றவைத்தார். பால் இல்லை, கட்டன் சாயாதான். கண்ணாடி கிளாஸில் ஊற்றி, இரண்டு கைகளாலும் பிடித்து, அந்தப் பத்தடி அறையில் மெதுவாக நடந்து வந்தார். பால்பாண்டி காலை மடக்கி வழி விட்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கிளாஸைப் பாயருகில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார், சிகாமணி கபேயில் நிற்கிற மாதிரியே.

தாணுமாலயன் ஒரு மடக்குக் குடித்தார். "இனிப்பு காணாதுவே."

"உங்களுக்கு சுகர்னு கௌசல்யா அக்கா சொன்னாவ. அளந்துதான் போட்டேன்."

"அளந்ததுக்கும் சேத்து நூறு." நோட்டு ஒன்றை எடுத்துக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கட்டனுக்கு நூறா? அம்பது."

"தொண்ணூறு."

"எப்பவும் நாப்பதுதான். மழை நாளுன்னு பாத்தாலும் அம்பத்தஞ்சு."

"கரமனை வரைக்கும் ஆட்டோவுல வர வச்சீரு. எண்பத்தஞ்சுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

பால்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்ய்யா, குடுக்கவரு ஏத்துதாரு, வாங்குதவரு எறக்குதாரு. எனக்குத்தான் காய்ச்சலா?"

"நீரு சும்மா இரும்" என்றார்கள் இரண்டு பேரும்.

எழுபதில் வந்து நின்றது. உச்சிமாகாளி இடது கையால் நூறை எடுத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மூன்று பத்து ரூபாய்களைத் திருப்பித் தந்தார். தாணுமாலயன் அதைப் பழக்கதோஷத்தில் எண்ணிப் பார்த்துப் பையில் போட்டார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தோற்க ஆசைப்பட்டு இறங்கிய பேரம், அதிலும் ஆசைப்பட்ட அளவுக்குத் தோற்க முடியவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. உச்சிமாகாளி பையிலிருந்து லுங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற தாணுமாலயனைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுட்டு வராதிய. கையை நம்ப முடியாது. மறுபடியும் கொட்டினாலும் கொட்டிரும்."

"கொட்டும்வே" என்றார் தாணுமாலயன். "கொட்டின பிறகு பேசிக்கிடுவோம்."